ஒட்டுத்துணி: சில குறிப்புகள்

1

'பொழுதுபோக்கு' என்ற சொல்லை நாம் ஒரு வசவாகவே பழக்கிக்கொண்டுவிட்டோம். ஒரு நாவலை ஒதுக்க வேண்டுமென்றால் அந்த ஒரு சொல் போதும். மேற்கொண்டு காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1959ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியபோது அந்த வசவுக்குத் தேவை இருந்தது. வாரப் பத்திரிகைகள் பெருவாரியாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில் 'அது வேறு, இது வேறு' என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டியிருந்தது. கிழித்த கோடு சரியானதுதான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் எதையெல்லாம் தள்ளினோம் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொடர்கதையைத் தள்ளினோம், மசாலா சினிமாவைத் தள்ளினோம். அவற்றோடு சேர்த்து வீட்டுக்குள் பெண்கள் கையால் செய்த அத்தனையையும் - கோலம், பின்னல், மணி கோப்பது, தையல் - தள்ளிவிட்டோம். தள்ளினோம் என்று சொல்வதுகூட மிகை. பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கங்களில் சில வருஷங்களாகச் சிலர் - பெரும்பாலும் பெண்கள் - குவில்ட் தைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து ஒரு சதுரம் செய்வது, அப்படிப் பல சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வையோ சுவரில் தொங்கவிடும் திரையோ செய்வது. அந்தச் சதுரத்துக்கு 'பிளாக்' என்று பெயர். நான் கட்டம் என்று எழுதுகிறேன். 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியக் குவில்ட் விழா என்று ஒன்றே நடந்தது. இங்கு யாரும் அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதாததில் ஆச்சரியம் இல்லை. இதைப் படிக்கிற நண்பர்களில் பாதிப்பேர் 'குவில்ட்' என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

மீதிப்பேருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் பொழுதுபோக்கு என்ற ஒரே சொல் இரண்டு எதிரெதிரான காரியங்களைக் குறிக்கிறது. ஒன்று, யாரோ சம்பளத்துக்கு உற்பத்தி செய்ததை உட்கார்ந்து நுகர்வது. இங்கே பொழுது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. மற்றது, யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், தனக்குத் திருப்தி வருகிறவரை ஒன்றைச் செய்து செய்து பார்ப்பது. இங்கே பொழுது உழைப்பாக மாறுகிறது. தொலைக்காட்சித் தொடர் முதல் வகை. சதுரம் தைப்பது இரண்டாவது வகை. முந்நூறு பிரதி அச்சிட்டு, பாதியை இலவசமாகக் கொடுத்து, அச்சகத்துக்குக் கடன் வைக்கிற சிறுபத்திரிகை எந்த வகை? நம் காரியத்தை இலக்கியம் என்றும் அவர்கள் காரியத்தைப் பொழுதுபோக்கு என்றும் பிரிப்பதற்கு, நாம் ஆண்கள், அவர்கள் பெண்கள் என்பதைத் தவிர வேறு அடிப்படை ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.

நம் இலக்கண ஆசிரியர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். நன்னூலின் பொதுப்பாயிரம் இதை வெறும் சிலேடையாக விட்டுவிடாமல் முழு உவமையாகவே விரிக்கிறது: சொற்கள் பஞ்சு, புலவனின் வாய் கை, அறிவு கதிர், புலவனோ நூல் நூற்கிற பெண். புலவனைப் பெண்ணாக, அதுவும் வேலை செய்கிற பெண்ணாகக் காட்டுவதில் பவணந்திக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தையல் என்ற சொல்லுக்கே பெண் என்றும் அழகு என்றும் பொருள் கொடுத்த மொழி இது. அந்தத் தையல் தைத்தது என்ன என்று மட்டும் கேட்க மறந்துவிட்டது.

2

காரியத்தைக் கவனிப்போம். மிக எளிய கட்டம் ஒன்பது சதுரங்களால் ஆனது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. ஒவ்வொரு துண்டையும் இரண்டரை அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். இணைத்து முடித்தால் ஏழரை அங்குலம் வராது, ஆறரைதான் வரும். அந்த ஆறரையும் பக்கத்துக் கட்டத்தோடு சேர்ந்த பிறகு ஆறாகிவிடும். ஒவ்வொரு துண்டின் நான்கு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுகிறது. கற்றுக்கொள்கிறவர் முதலில் கற்பது இந்தக் கால் அங்குலத்தைத்தான். அழகான நிறச் சேர்க்கையெல்லாம் பிறகு.

அதில் பிசகினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். ஊசி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத பிசகு. ஆனால் ஒரு தையல் இரண்டு துண்டுகளைப் பிடிக்கிறது. ஆகவே தையலுக்கு எட்டில் ஒரு அங்குலம் போயிற்று. ஒரு வரிசையில் தையல் இரண்டு. கால் அங்குலம் போயிற்று. எட்டுக் கட்டங்களை வரிசையாகச் சேர்க்கும்போது இரண்டு அங்குலம் காணோம். பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேராது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் துணி குமிழ் விடும். போர்வை முழுதாக விரிகிற நாளில், முதல் நாள் செய்த பிசகு சபைக்கு வரும்.

இதற்கு மேலும் சில நுணுக்கங்கள் உண்டு. தைத்த விளிம்பை விரித்துவிடாமல் ஒரு பக்கமாக இஸ்திரி போட வேண்டும், அதுவும் நிறம் அடர்த்தியான துணியின் பக்கமாக. இல்லாவிட்டால் வெளிர்த் துணிக்கு அடியில் நிழல் தெரியும். மேல் வரிசையின் விளிம்புகள் ஒரு திசையிலும் கீழ் வரிசையின் விளிம்புகள் எதிர்த் திசையிலும் சாய்ந்திருந்தால், இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும். நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் கச்சிதமாகக் கூடுவதைப் பார்த்துப் பாராட்டுகிறவர்களுக்கு, அதைச் சாத்தியமாக்கியது பின்பக்கத்துச் சாய்வு என்பது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இதில் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கிற எந்தத் தாயும் தையல்காரரிடம் 'உள்ளே துணி விட்டுத் தைங்க' என்று சொல்லாமல் வந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மடிந்திருக்கிற துணிதான் உடுப்பின் ஆயுள். கவிதையைப்பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியும் சரியாகச் சொல்ல முடியாமல் போன ஒன்றை இந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. யாப்பை விட்டதால் புதுக்கவிதை கெட்டது என்று பண்டிதர்கள் சொன்னார்கள்; அது பொய். யாப்பை விட்டதாலேயே அது கவிதையாகிவிட்டது என்று நம்மில் சிலர் நடந்துகொண்டார்கள், அதுவும் பொய்தான். இன்று அச்சாகிற கவிதைகளில் பெரும்பாலானவை அடுத்தடுத்து வைக்கப்பட்ட வரிகள். இணைக்கப்பட்டவை அல்ல. ஒரு வரி அடுத்த வரிக்குள் கால் அங்குலம் போயிருக்க வேண்டாமா? கவிஞன் தனக்குத் தெரிந்ததில் கொஞ்சத்தை உள்ளே மடித்திருக்க வேண்டாமா? எல்லாத் துணியையும் வெளியே காட்டிவிடுகிற கவிதை ஒரு சலவைக்குத் தாங்குவதில்லை.

3

இனி எதிர்ப்புக்கு வருவோம். இது அமெரிக்கச் சரக்கு, குளிர்தேசத்துப் பழக்கம், இதற்கும் மயிலாப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நமக்குப் பழக்கமானது. எலியட்டைப் படித்துவிட்டு எழுதுகிறார்கள், இது இறக்குமதி என்று புதுக்கவிதையைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி. அன்று நாம் அதற்குச் சொன்ன பதில், எங்கிருந்து வந்தது என்பதல்ல, வந்து என்ன ஆயிற்று என்பதே விஷயம் என்பதாக இருந்தது. அந்தப் பதிலை இங்கேயும் சொல்ல வேண்டும். இங்கேயும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

துணி விஷயத்தில் சென்னை எப்போதும் வாங்குகிற ஊராக மட்டும் இருந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கடை விரித்ததே துணிக்காகத்தான். சிந்தாதிரிப்பேட்டை 1734ல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக உண்டாக்கிய பேட்டை; சின்னத் தறிப் பேட்டை என்பதே பெயர். இந்தக் கரையிலிருந்து போன கட்டம் போட்ட துணிக்கு உலகம் முழுவதும் 'மெட்ராஸ்' என்று பெயர். அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் பல தலைமுறைகளாகப் போயிற்று. அமெரிக்காவில் 1950களின் இறுதியிலும் 60களிலும் துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று கலங்குகிற துணியாக, அந்தக் குறையே சிறப்பாக விளம்பரம் செய்யப்பட்டு, நாகரிகமாயிற்று. அங்கே விதவிதமான மெட்ராஸ் கட்டங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டுக் கால்சட்டையும் கோட்டும் தைத்தார்கள். ஆக, நம் ஊர்ப் பெயர் கொண்ட துணி அங்கே போய் ஒட்டுத்துணி ஆயிற்று. இங்கே வருகிற ஒட்டுத்துணியை அந்நியம் என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இறக்குமதியைச் சொந்தமாக்குவது எப்படி என்பதற்கு மெட்ராஸ் துணியே ஒரு பாடம் வைத்திருக்கிறது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் இன்ஜிரி. அதை வாங்கி அப்படியே கட்டிக்கொள்வதோடு அவர்கள் நிற்கவில்லை. அவர்களுடைய பெண்கள் துணியை எடுத்துவைத்துக்கொண்டு, ஊசியாலும் பிளேடாலும் குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவிவிடுகிறார்கள். ஒன்றைச் சேர்க்காமல், இருப்பதிலிருந்து சில இழைகளை நீக்கியே புதிய உருவம் வருகிறது. அந்தத் துணிக்குப் பெயர் பெலெட்டே பிட்டே, வெட்டிய துணி. அதற்குப் பிறகு அது மெட்ராஸ் துணி அல்ல, கலபாரித் துணி. விழாவிலும் சாவிலும் அவர்களுடைய குடும்பங்களின் அடையாளம் அது. சென்னை நெசவாளர் யாரும் அதைத் தங்களுடையது என்று உரிமை கொண்டாட முடியாது.

ஒரு வடிவத்தை வாங்கிக்கொண்டவர்கள் அதிலிருந்து எதை உருவி எறிந்தார்கள் என்பதே நான் கேட்க விரும்புகிற கேள்வி. சென்னையில் தைக்கப்படுகிற கட்டங்களைப் பார்க்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் அநேகமாகக் கிடைப்பதில்லை. அமெரிக்க முறையில் பிரசித்தமான 'மரக்குடில்' கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு சிறு சதுரம். வழக்கமாக அது சிவப்பு, குடிலின் கணப்படுப்பைக் குறிப்பது. சுற்றிலும் நீளத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மரத்தடிகளை அடுக்குவதுபோல் வளர்த்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம், வெயிலும் நிழலும்போல. அருமையான கற்பனை. ஆனால் கணப்படுப்பையே கண்டிராத ஊரில், பனியும் இலையுதிர்காலமும் அச்சிட்ட அமெரிக்கப் பருத்தித் துணியை விலை கொடுத்து வாங்கி அதை அப்படியே தைக்கும்போது, கை கற்கிறது, கண் கற்பதில்லை. நம் வெயில் இரண்டு பக்கமும் அடிக்கிற வெயில். நம் வீட்டின் நடுவில் அடுப்பு இருந்ததில்லை, முற்றம் இருந்தது. அது வெளிச்சமாக, திறந்ததாக இருந்தது. நடுச் சதுரத்தை வெறுமையாக விட்டால் அந்தக் கட்டம் என்ன ஆகும் என்று ஒருவர் தைத்துப் பார்க்க வேண்டாமா?

துணிக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் மயிலாப்பூரில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கப்படுகிற ரவிக்கைத் துணிகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கின்றன. முக்கால்வாசி தைக்கப்படுவதே இல்லை. அடுத்த வருஷம் வேறு வீட்டுக்கு, அதற்கடுத்த வருஷம் சில சமயம் கொடுத்த வீட்டுக்கே திரும்பி வருகின்றன. தமிழ் நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் உறவுமுறை, மரியாதை, சிக்கனம், சின்னச் சின்னப் பொய் எல்லாவற்றுக்கும் சாட்சி அந்த அலமாரி அடுக்கு. ரங்கநாதன் தெருவில் கட்பீஸ் மலையாகக் கிடக்கிறது. தையல் கடை வாசலில் வெட்டுத்துணி மூட்டை கட்டி வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் தாண்டிக்கொண்டு போய்ப் பனித்துகள் அச்சிட்ட துணி வாங்குவதில்தான் குற்றம் இருக்கிறது. வடிவம் வெளிநாட்டிலிருந்து வந்ததில் குற்றம் ஒன்றும் இல்லை.

4

தமிழ்நாட்டில் ஏன் இந்த வழக்கம் வேர்விடவில்லை என்று கேட்டால், குளிர் இல்லை என்பது பாதிப் பதில்தான். பழந்துணியை நாம் வேறு விதமாகச் செலவழித்தோம் என்பது மீதிப் பாதி. நைந்த ஒன்பது கஜம் பச்சைக் குழந்தைக்குப் படுக்கை ஆயிற்று, தூளி ஆயிற்று, பிறகு கரித்துணி ஆயிற்று. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திக்குத் தையல் தேவைப்படவில்லை. மிஞ்சிய புடவைகளைத் தெருவில் வருகிற பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டோம். வங்காளத்துப் பெண் பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, கந்தா தைத்தாள். அதைப்பற்றி ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939லேயே ஆழமாக எழுதினார். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1929ல், ஜசீமுத்தீன் கந்தாவில் தன் கதையைத் தைக்கிற பெண்ணை வைத்து ஒரு நெடுங்கவிதையே எழுதிவிட்டார். கந்தா என்ற அதே சொல்தான் நமக்குக் கந்தை. அவர்களுக்குக் கலைப்பொருளின் பெயர், நமக்குக் கசக்கிக் கட்ட வேண்டிய இழிவு. ஒரு சொல் இரண்டு மொழிகளில் எப்படி விழுந்திருக்கிறது என்பதே ஒரு கலாச்சார விமர்சனம்.

ஆனால் நம்மிடம் ஒட்டுத்துணி வேலை இல்லவே இல்லை என்று சொல்வது குருட்டுத்தனம். பங்குனியில் கபாலீஸ்வரர் தேர் மாடவீதியில் வரும்போது அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத் தொம்பை தெரியும். துணியை உருளையாகத் தைத்து, மேலே வேறு வேறு நிறத் துணிகளில் யாளியும் அன்னமும் தாமரையும் வெட்டி ஒட்டித் தைத்து, கீழே குஞ்சம் கட்டித் தொங்கவிடுவது. தஞ்சாவூர்ப் பக்கம் இதற்கென்றே குடும்பங்கள் உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு, வெள்ளை என்று கணக்கான நிறங்கள்; தூரத்திலிருந்து, வெயிலில், ஆடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதற்கென்று வெட்டப்பட்ட உருவங்கள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் முரட்டுத்தனமாகத் தெரியும். அது குறை அல்ல, பார்வைத் தூரத்தைக் கணக்கிட்டுச் செய்த முடிவு. வருஷா வருஷம் நம் தலைக்கு மேல் ஆடுகிற இதை எந்தத் தமிழ் எழுத்தாளன் ஒரு பத்தி எழுதியிருக்கிறான்? குவில்ட் கற்கிறவர்களும் பார்த்ததாகத் தெரியவில்லை. குளத்தின் நான்கு பக்கமும் பள்ளிக்கூடம் இருக்கிறது. உள்ளே போகிறவர் இல்லை.

மரபு என்றால் வடிவப் புத்தகம் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் அமெரிக்கக் கட்டத்தோடு வந்தது அல்ல; நம் பண்டிதர்களிடமும் அதுதான் இருந்தது. வடகன்னட மாவட்டத்துக் காட்டோரங்களில் வாழ்கிற சித்திப் பெண்கள் - ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் - கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அளவுகோல் இல்லை, முன்கூட்டிய வரைபடம் இல்லை. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு ஓரமாகத் துண்டுகளை வைத்து ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே சுற்றி வந்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கிப் போய், நடுவில் முடிக்கிறார்கள். முடிந்த பிறகு நான்கு மூலையிலும் மடித்த சிறு முக்கோணத் துணிகளை வைத்துத் தைத்தாக வேண்டும். அதற்குப் பெயர் பூ. பூ இல்லாத கவந்தி அம்மணமானது என்று அவர்களுக்கு எண்ணம். கட்டத்தின் தர்க்கம் ஒன்றை முழுமையாக்கி அடுத்ததற்குப் போவது. கவந்தியின் தர்க்கம் எல்லையை முதலில் வகுத்துக்கொண்டு, மையம் என்னவாக இருக்கும் என்று தெரியாமலே அதை நோக்கிப் போவது. கவிஞர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. ஒரே முறையைக் கற்றுக்கொண்டு அதையே 'பாரம்பரிய முறை' என்று சொல்கிற பயிற்சி, மற்ற முறை இருப்பதையே மறைத்துவிடும் என்பதுதான் என் பயம்.

அறுந்த மரபைத் திரும்பக் கற்க முடியுமா என்ற கேள்விக்குத் தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைச்சாரலில், சிட்டிலிங்கியில் ஒரு பதில் இருக்கிறது. அங்குள்ள லம்பாடிப் பெண்களிடம் எம்ப்ராய்டரி இரண்டு தலைமுறையாக நின்றுபோயிருந்தது. தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு கிழவிகள்தான். அவர்களிடம் இளம்பெண்கள் உட்கார்ந்து கற்று, போர்கை என்ற பெயரில் அதைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். இதை நகரத்துப் பொழுதுபோக்கோடு ஒப்பிட்டு ஒன்றை உயர்த்த வேண்டியதில்லை. ஆனால் அங்கே கற்கிறவளுக்கு யாரிடமிருந்து கற்கிறோம் என்பது தெரியும். அந்தப் பிரக்ஞை வேலையில் தெரிகிறது.

5

ஒட்டுத்துணி கலையா என்ற கேள்வி உலகத்தில் எப்போது எழுந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 1971ல் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெய்ல் வான்டெர் ஹூஃபும் தாங்கள் சேகரித்த பழைய குவில்ட்களை நியூயார்க் விட்னி மியூசியத்தில் ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டினார்கள். அரூப ஓவியம் பார்த்துப் பழகிய கண்கள் திடுக்கிட்டன. இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் அடைந்ததாகச் சொல்லிக்கொண்ட நிற ஒழுங்கை, பெயர் தெரியாத பெண்கள் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே படுக்கையில் விரித்திருந்தார்கள். அது பெரிய அங்கீகாரம்தான். ஆனால் அந்த அங்கீகாரத்துக்குக் கொடுத்த விலை, படுக்கையிலிருந்து பிரித்தது. ஓவியத்தைப்போல் இருந்ததால் கலை என்று ஒப்புக்கொண்டார்கள். அது அதுவாகவே இருந்தால் போதாது என்பது அதன் அர்த்தம்.

2002ல் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்களின் குவில்ட்கள் ஹூஸ்டனிலும் பிறகு அதே விட்னியிலும் வைக்கப்பட்டபோது, தைத்தவர்களின் பெயர்கள் இருந்தன. பருத்திக் காட்டில் போட்டு வெளுத்த நீலக் கால்சட்டைகளைப் பிரித்துத் தைத்தவை பல. முழங்கால் இருந்த இடம் வெளுத்தும் பாக்கெட் இருந்த இடம் அடர்ந்தும் தெரியும். வேறு யாரும் அதைத் தைத்திருக்க முடியாது. 2007ல் அந்தப் பெண்களில் சிலர் தங்களுக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் அது ஓய்ந்தது. பெயர் போடுவதோடு விஷயம் முடிவதில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

இங்கே நம் ஓவியர்களும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. 1966ல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் உருவானபோது, பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களை விற்ற பணம்தான் அந்த நிலத்துக்குக் கை கொடுத்தது. துணி ஓவியத்துக்குச் சோறு போட்டது. பிறகு எழுதப்பட்ட கலை வரலாற்றில் ஓவியம் முதல் அத்தியாயம், பாத்திக் அடிக்குறிப்பு.

பொழுது யாருடையது என்ற கேள்வியையும் கேட்காமல் விட முடியாது. அம்பத்தூரிலும் கிண்டியிலும் தாம்பரத்து ஏற்றுமதி வளாகத்திலும் பெண்கள் தையல் இயந்திரத்தின் முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் விளிம்பில் விட வேண்டிய அளவு உண்டு. மணிக்கு இத்தனை என்று கணக்கும் உண்டு. ஒருத்தி காலரை மட்டும் தைப்பாள், இன்னொருத்தி கையை மட்டும். முழுச் சட்டையைத் தைக்கிறவள் கிடையாது. அடையாற்றில் ஒருவர் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆறு அங்குலச் சதுரத்தை முழுதாகத் தைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி தைக்க முடிகிறது என்றால் அது அவருக்கு வாய்த்த சொத்து. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முழுமையாக ஒன்றைச் செய்து பார்க்கவும் பிரித்து எறியவும் கிடைத்த சுதந்திரத்தை நேர்த்தியில் மட்டும் செலவழிப்பது வீண் என்கிறேன். மூலை கச்சிதமாகக் கூடியிருக்கிறதா என்பது ஆரம்பப் பரீட்சை. அதிலேயே நின்றுவிடுகிறவர்கள், எதுகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கவிதைக்கு மார்க்குப் போட்ட பண்டிதர்களின் வாரிசுகள். ஏற்றுமதித் தொழிற்சாலையின் தரப் பரிசோதகர் இதைவிட நன்றாக மூலை பார்ப்பார்.

இப்படியெல்லாம் கேட்பதே அவர்களுடைய காரியத்தைப் பொருட்படுத்துவதால்தான். பொருட்படுத்தாதவர்கள் 'ரொம்ப அழகாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். பெண்கள் கையால் செய்ததற்கு இதுவரை கிடைத்து வந்த விமர்சனம் அந்த ஒரு வாக்கியம்தான். பாராட்டைப்போல் ஒலிக்கிற புறக்கணிப்பு அது. கட்டம் தைக்கிறவர்களும் அதை ஏற்றுக்கொண்டு, 'சும்மா பொழுதுபோக்குக்கு' என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்கள் வாயில் வைத்தவர்களில் நாமும் உண்டு.

பத்திரிகைக்கு ஒரு யோசனை. கோட்டோவியம் போட்டு அட்டை செய்யும் வழக்கத்தை ஒரு இதழுக்கு நிறுத்தி வைக்கலாம். தஞ்சாவூரிலிருந்து ஒரு தொம்பைத் துண்டும், இந்த ஊரில் ரவிக்கைத் துணியில் தைத்த ஒரு கட்டமும் கிடைத்தால் - இதுவரை யாரும் தைக்கவில்லையென்றால் யாராவது தைக்க வேண்டும் - இரண்டையும் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். அவற்றோடு, பின்பக்கத்துத் தையலையும் எடுத்துப் பின்னட்டையில் போட வேண்டும். தைத்தவர்களின் பெயர்கள் கவிஞர்களின் பெயர்கள் இருக்கிற பொருளடக்கத்தில், அதே எழுத்தளவில், வர வேண்டும்.